நீலம் தீட்டிய வீடுகள்

அமலா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் புவியியல் துறையின் அளவுக்கம்புகள் சிலவற்றில் முனை மழுங்கிப் போயிருந்தது, கூர்தீட்டக் கொண்டுபோயிருந்தேன். பழைய மாணவன் பிரவீன் அழைத்தான். "சார், அமலா மேடம் போயிட்டாங்க சார்" என்றான். கிரைண்டர் சத்தத்தில், "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். "தவறிட்டாங்க சார்" என்று திரும்பச் சொன்னான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓய்வுபெற்ற பிறகு குருசுக்குப்பத்து வீட்டிலேயே இருந்தார். காலையில் காபி போட எழுந்தவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு.

அவரோடு வேலை செய்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். கல்லூரி நினைவு மலருக்கு நல்லதாக நாலு விஷயம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நல்ல விஷயங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எங்கள் இருவரையும் தலைகுனிய வைத்த ஒரு வேலைதான். அதை விட்டுவிட்டு எழுதினால் அவர் யார் என்பதே விளங்காமல் போய்விடும்.

முதலில் அவரைக் களத்தில் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் இரண்டாம் ஆண்டு மாணவர்களை வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆற்றுக்கு அழைத்துப் போவோம். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தண்ணீரைக் கண்டு அவருக்குத் தயக்கமே கிடையாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவார். நீரோட்டத்தின் வேகத்தைப் பார்க்க ஒரு கம்பருகே ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு, அது இன்னொரு கம்புக்குப் போய்ச்சேரும் நேரத்தைக் குறிக்கச் சொல்வார். பையன்கள் பழத்தைப் பிடித்துத் தின்றுவிடுவார்கள். அதற்கென்றே கூடுதலாக வாங்கி வந்திருப்பார். ஆற்றோரத்து வீடுகளில் கேள்வி கேட்கப் போகும்போது மட்டும் குரல் மாறிவிடும். "மொதல்ல ஒக்காரு. நின்னுக்கினு கேட்டா அது விசாரணை" என்பார். மண் தரையிலும் அவர் முதலில் உட்கார்ந்து காட்டுவார்.

ஓர் ஆண்டு வீடூர் அணை திறந்து ஆறு கரை புரண்டது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் மாணவர்களை இறக்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை அளந்து வரைபடம் போடுவது திட்டம். கணுக்கால் அளவு வந்த வீட்டுக்கு வெளிர்நீலம், இடுப்புக்கு மேல் வந்த வீட்டுக்கு அடர்நீலம். அந்தத் தெருவில் பெரும்பாலும் பழைய மில் தொழிலாளர் குடும்பங்கள். வசந்தா என்பவரின் வீடு கடைசியில், ஆற்றை ஒட்டி இருந்தது. தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை அவருக்கு. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். சாமி படத்துக்குச் சற்றுக் கீழே இருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இத எழுதிக்கினு போயி இன்னா டீச்சர் பண்ணுவீங்க?"

"பசங்க படிப்புக்குமா" என்றார் அமலா மேடம். "இதால ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

அதை நம்பித்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் நம்பினேன்.

வரைபடம் அருமையாக வந்தது. கல்லூரிக் கண்காட்சியில் நுழைவாயிலுக்கு எதிரிலேயே மாட்டினார்கள். சிறப்பு விருந்தினராக வந்த ஒரு வருவாய்த்துறை அதிகாரி அதன் முன்னால் வெகுநேரம் நின்று, "இது எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும். ஒரு பிரதி கிடைக்குமா?" என்று கேட்டார். முதல்வருக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். அன்று எடுத்த படத்தில் நானும் அமலா மேடமும் வரைபடத்துக்கு இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

கோடையில் வசந்தா கல்லூரிக்கு வந்தார். வேலைக்குப் போகும் சேலையிலேயே, கையில் ஒரு காகிதத்தோடு துறை வாசலில் நின்றார். வெள்ள அபாயப் பகுதியில் ஆற்று நிலத்தை ஆக்கிரமித்திருப்பதால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ். அடர்நீலம் தீட்டிய எல்லா வீடுகளுக்கும் வந்திருந்தது. நோட்டீஸோடு எங்கள் வரைபடத்தின் நகலும் இருந்தது. மூலையில் மாணவர்களின் பெயர்கள்.

"டீச்சர், இது ஒங்க பசங்க போட்டதுதான?"

நான் முந்திக்கொண்டேன். "நாங்க குடுக்கலமா, பிரின்சிபால்தான்..." என்று ஆரம்பித்தேன். அமலா மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாமா. நாங்கதான் வரைஞ்சோம்" என்றார்.

வசந்தா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நான்தான டீச்சர் கோட்ட தொட்டுக் காட்டுனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த வாரமே அமலா மேடம் அந்த மாணவர்களைத் திரும்பவும் கூட்டினார். தெருவுக்குப் போய், வீடு வீடாக நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். பிரவீன் அப்போது நன்றாகப் படிக்கிற, எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற பையன். "மேடம், மார்க்கே போட்டாச்சு. அப்புறம் ஏன் போவணும்?" என்றான். "மார்க் ஒனக்கு வந்துச்சு. வீடு அவங்களுக்குப் போவுது" என்றார். அவன் பேருந்தில் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த நடையை நான் மறக்க முயன்றிருக்கிறேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு பெரியவர், "மறுபடியும் அளக்க வந்துட்டீங்களாடா?" என்று கம்பை ஓங்கினார். இன்னொரு வீட்டில் எதுவும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எல்லா வாசலிலும் அமலா மேடம் ஒரே வார்த்தைகளைச் சொன்னார். "தொந்தரவு வராதுன்னு சொன்னது நான். தொந்தரவு வந்துடுச்சி. என்னால முடிஞ்சத செய்யறேன்." மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. திரும்பும் வழியில் கேட்டதற்கு, "மன்னிப்பு கேட்டா அவங்க ஏதாவது குடுக்கணும்ல சார். ஏற்கெனவே நெறைய குடுத்துட்டாங்க" என்றார்.

முடிந்ததைச் செய்தார். எதிர்க்கரையில் தாழ்வான நிலத்தை மண்கொட்டி மேடாக்கி மனை போட்டிருந்தார்கள். ஆற்றுப் பக்கம் ஒரு நீண்ட சுற்றுச்சுவர். ஆறு விரிந்து பரவ இருந்த இடம் அது. தண்ணீர் இந்தப் பக்கம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் வரைபடத்தில் எதிர்க்கரை வெறும் வெள்ளையாக இருந்தது. நாங்கள் அங்கே போகவே இல்லை. விடுமுறை நாட்களில், வர விரும்பிய மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்டு அதையும் அளந்தார். கல்லூரி நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தது. களப்பணிக்கு அனுமதி மறுத்தது. நான் சில நாட்கள் போனேன், சில நாட்கள் காரணம் சொன்னேன். அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. தெருக்காரர்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஒரு மழைக்காலத்து நீர் உயரத்தை வைத்து யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டார்.

பாதிதான் நடந்தது. மேட்டுப் பக்கத்து வரிசை தப்பியது. ஆற்றை ஒட்டிய வரிசை இடிக்கப்பட்டது. வசந்தா குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். தட்டாஞ்சாவடிக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டியிருந்ததால் கொஞ்ச நாளில் வேலையை விட்டார். எதிர்க்கரைச் சுவர் இன்றும் நிற்கிறது.

பாதியாவது காப்பாற்றினீர்களே என்று யாராவது சொன்னால் அமலா மேடம் பேச்சை மாற்றிவிடுவார். ஒருமுறை ஆசிரியர் அறையில் நான், "இன்னும் எத்தன நாளைக்கு மேடம் இதையே நெனச்சிக்கினு இருப்பீங்க?" என்று கேட்டேன். "வெக்கம் இருக்கட்டும் சார். அது போயிடுச்சின்னா அடுத்த மேப்பையும் இப்படித்தான் போடுவோம்" என்றார். அதன்பின் எந்த வரைபடத்தையும் சம்பந்தப்பட்ட வீட்டுக்காரர்களிடம் காட்டாமல் அவர் கல்லூரிக்குக் கொண்டுவந்ததில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்ன வீடுகளை வரைபடத்திலிருந்து அங்கேயே அழித்தார். மதிப்பெண் குறைந்ததென்று சில மாணவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அடக்கத்தன்று குருசுக்குப்பத்து வீட்டின் முன்னால் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் வசந்தா. தலை நரைத்திருந்தது. எழுந்து போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் அவங்கள மன்னிச்சிட்டேன்னு யாராச்சும் பேசிடப் போறாங்க சார்" என்றார். "எம் வூடு போனத எப்டி மன்னிக்கறது? ஆனா டீச்சர் வந்துக்கினே இருந்தாங்க. பொங்கலுக்கு வந்தாங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாங்க. எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப வந்தாங்க. நான் மொகம் குடுத்துப் பேசாத நாள்லகூட வந்து நின்னாங்க."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தும் அமலா மேடம் சொன்னதில்லை. அதே வரைபடத்தின் மறுபக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற நான் ஒருமுறைகூட வசந்தாவின் புது வீட்டுப் பக்கம் போனதில்லை. "நீங்க எந்த பிளாக்குல இருக்கீங்கமா?" என்று கேட்டேன். அதைக்கூட அன்றுதான் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். லிஃப்ட் இல்லை. மாடிப்படியில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன. வசந்தா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். பின்னால் மாணவர்கள் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஏதாச்சும் எழுதிக்கணுமா?"

"இல்லமா. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?"

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

அமலா மேடத்தின் புத்தகங்கள் துறை நூலகத்துக்கு வரும். அவருடைய மாணவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது வசந்தா வீட்டு மாடிப்படியைத்தான். கூசும், இருந்தாலும் ஏறிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அடுத்த மாதமும் போவேன்.