தலை தொங்கிய கோடு

1. பரீட்சை

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் லேப் பார்க்கிறேன். அடைத்த காற்றை அமுக்க அமுக்க அதன் பிரஷர் ஏறும் என்கிற பாயில் விதியை அங்கே யாரும் சோதித்ததில்லை, நம்பினோம். சிரிஞ்சை அமுக்கி, கேஜில் பிரஷரைப் பார்த்து, P-க்கும் 1/V-க்கும் கிராப் போட வேண்டும், நேர்கோடு வரும். எங்கள் பிள்ளைகள் முதலில் ஸ்கேல் வைத்துக் கோட்டைப் போடுவார்கள். பிறகு அதன்மேல் புள்ளி. கடைசியில்தான் ரீடிங். எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பாஸானவன்தான்.

அன்று செமஸ்டர் பிராக்டிகல். வெளியூர் எக்ஸாமினர், குற்றாலத்தில் எண்ணெய்க் குளியலுக்கு ஆள் சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார். வாட்சைப் பார்த்தபடியே திருத்தினார். இலத்தூர் முத்துலட்சுமியின் கிராப்பில் கோடு பாதி வழியில் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

“என்ன சார், இந்தப் பிள்ளைக்கு மட்டும் காத்து வேற மாதிரி நடக்குதோ?” என்றார்.

“ஏம்மா, எல்லாருக்கும் நேரா வருது. ஒனக்கு மட்டும் ஏன் வளையுது?” என்றேன் நான்.

“அமுக்க அமுக்க காத்து வெளிய போவுது சார். செவிய வச்சுப் பாருங்க, உஸ்ஸுனு கேக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அரியர் விழுந்தா அப்பா படிச்சது போதும்னுருவாவ சார்.”

செவியை வைத்திருக்கலாம். எக்ஸாமினர் முன்னால் ஒரு சிரிஞ்சுக்குக் குனிவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அவர் ஃபெயில் போட்டார். நான் கீழே கையெழுத்திட்டேன். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு அவசரம் வேண்டியிருக்கவில்லை.

2. வாஷர்

மறுநாள் யாருமில்லாத லேபில், எல்லாரும் மாறிமாறிப் பயன்படுத்திய அந்த ஒரே சிரிஞ்சை அமுக்கினேன். உஸ். கேஜ் பொருத்தும் இடத்தில் வாஷர் பிளந்திருந்தது. நானே ரீடிங் எடுத்துக் கிராப் போட்டேன். அவளுடையது போலவே வளைந்தது. அந்த வகுப்பில் உண்மையாக ரீடிங் எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காற்று ஒழுகும் கருவியில் மற்ற அத்தனை பேருக்கும் நேர்கோடு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அத்தனை ரெகார்டிலும் என் கையெழுத்து. கடிதம் ‘மதிப்பிற்குரிய ஐயா’வைத் தாண்டவில்லை. வாஷரை மட்டும் மாற்றினேன்.

3. டி.சி.

ரிசல்ட் வந்த வாரம் அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். அவள் லேபில் எதையும் உடைக்கவில்லை என்று நான் எழுதித் தர வேண்டும்.

“இவ மண்டையில ஏறல சார். நீங்க என்ன செய்விய? நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருப்பிய,” என்றார். மகளிடம், “ஏட்டி, சார்ட்ட சொல்லிட்டு வா.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தாள்.

“சரி பண்ணியாச்சா சார்?”

“ம்.”

“வாரேன் சார்.”

அப்பா கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

லேபுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: தப்பு தெரிந்த அன்றே வாயைத் திறந்துவிடுங்கள். ஒருநாள் தள்ளினால் இரண்டு தப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். நான் இன்னும் ஒன்றுக்குக்கூடச் சொல்லவில்லை.