மாமனார் தள்ளி வைத்த கூழ்

1986 மே மாதம். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாங்களாகவே செய்துகொண்ட கல்யாணம் என்பதால் மாமனார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு வாரமும் "காபி வேணுமான்னு அவரைக் கேளு" என்று நான் கேட்பதும் அவர் பதில் சொல்வதும் அவர் மகள் வழியாகத்தான். கடைசியில் என் மனைவி கமலா, "பெருமுக்கல் மலைக்குக் கூட்டிக்கினு போங்க. பேசாம மட்டும் திரும்பி வந்துடாதீங்க" என்று எங்கள் இருவரையும் அனுப்பி வைத்தாள்.

காலை 6.15 பஸ்; மலைக்குத் திண்டிவனத்தில் இறங்கி மாற வேண்டும். திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம், ஆளுக்கு நாலு ரூபாய். வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு அம்மா கேப்பைக் கூழ் விற்றுக்கொண்டிருந்தார். சொம்பு ஐம்பது காசு, மோர் மிளகாய் இலவசம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்ன வயதில் அவர் தினமும் கூழ்தான் குடிப்பார் என்று கமலா சொல்லியிருந்தாள். இரண்டு சொம்பு வாங்கி ஒன்றை நீட்டினேன்.

"உங்களுக்குப் புடிச்சது மாமா."

சொம்பைத் தரையில் வைத்துவிட்டார்.

"யாரு சொன்னா புடிச்சதுன்னு? கூலி வேலைக்குப் போய்க்கினு இருந்தப்ப வேற இல்ல, குடிச்சேன். புடிக்குதான்னு யாரும் கேட்டதில்ல."

காரியம் கெட்டது என்று பயந்துபோனேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்: "நான் கேக்கறேன் மாமா. உங்களுக்கு என்ன புடிக்கும்?"

எதிர் ஹோட்டல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பூரி" என்றார். "உப்பிக்கினு வருமே, அது மாப்ளே."

மாப்ளே! இரண்டு சொம்புக் கூழையும் நானே குடித்தேன். அரிசிச் சோற்றிலேயே வளர்ந்த எனக்கு அது அவ்வளவு ருசி. அவர் எதிர் ஹோட்டலில் மூன்று செட் பூரி சாப்பிட்டார். செட் ஒன்றரை ரூபாய். பிறகு மரக்காணம் பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர் தூரமும், மலை ஏறி முடிக்கும் வரையிலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். பெரியவர்களை அழைத்துப் போனால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போன மாதம் என் மகன் காரில் அதே மலைக்குக் கூட்டிப் போனான். வழியில் "உங்களுக்குப் பிடிக்குமேப்பா" என்று கோதுமை உப்புமா வாங்கி வந்தான். நான் படித்த காலத்தில் ஹாஸ்டலில் ஆறு வருஷம் வேறு வழியில்லாமல் தின்றது. மாமனாரின் தைரியம் எனக்கு இல்லை, தின்று முடித்தேன். பூரி என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அவன் கேட்கவில்லை.