சோழவந்தானில் நின்ற ஊர்வலம்

சோழவந்தான் கடைவீதியில் எங்கள் பஸ் நிற்கிறது. எதிரே ஒரு கல்யாண ஊர்வலம் வழியை அடைத்து நிற்கிறது. வெற்றிலைக் கடைக்காரரிடம் காரணம் கேட்கிறேன்.

"மாப்பிள்ளை மதுரையில பேசும்படம் பாத்துட்டு வந்திருக்காருண்ணே. அதுல வர்ற ஒரு பாட்டை வாசிச்சாத்தான் கல்யாண வண்டி நகருமாம். நாயனக்காரரு அதைக் கேட்டதே இல்லையாம்."

நாயனக்காரர் கோபத்தோடு வாத்தியத்தை உறையில் போடுகிறார். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். வண்டியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் சட்டென்று நிமிர்ந்து, அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுகிறாள்.

"எங்க கேட்டே?" என்கிறான் மாப்பிள்ளை.

"எங்க வீட்டுக்கு எதுத்த காப்பிக்கடை கிராமபோன்ல."

நாயனக்காரர் இரண்டாம் அடியிலேயே மெட்டைப் பிடித்துவிடுகிறார். தவிலும் சேர்ந்துகொள்கிறது. மாப்பிள்ளையோ வாய் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"பாட்டுத்தான் வந்துருச்சுல்ல, வண்டிய விடச் சொல்லுங்க" என்கிறாள் அவள்.