தேர்வடத்தில் கால் படாமல்

இதை எழுத வேண்டும் என்று நோட்டை எடுப்பதும், இரண்டு வரி எழுதிவிட்டுக் கிழிப்பதுமாகப் பல வருஷம் போய்விட்டது. சாமி காரியத்தில் ஒரு வார்த்தை தப்பாக வந்துவிடுமோ என்று பயம். அம்மா இருக்கும்போது எழுதினால் அவள் மனம் நோகுமே என்பது இன்னொரு பயம். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் பத்தாவது வரை படித்தவள். ராஜபாளையத்தில் வீட்டையும் பூஜை மாடத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கிறவள். தெரிந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, தீயணைப்புத் துறையில் சேருவதற்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். எழுத்துப் பரீட்சை தேறியாகிவிட்டது. உடல் தேர்வு பாக்கி. அதில் ஓட்டம் அவருக்குப் பெரிதில்லை. கயிறு ஏறுவதுதான் உதைத்தது. பாதிக் கயிற்றில் கை நழுவி, பழுத்த பப்பாளி மாதிரி கீழே வந்து விழுவார்.

அம்மாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. "நெருப்புக்குள்ள போய் நிக்கதுக்கா ஒன்னப் படிக்க வச்சோம்?" என்பாள்.

"நெருப்பு எங்கக்கா இருக்கு? நம்ம பக்கம் கெணறுதான் நெறைய. ஆடு விழுந்தாலும் கூப்பிடுவாக, ஆளு விழுந்தாலும் கூப்பிடுவாக. எறங்கணும், தூக்கிட்டு ஏறணும். அம்புட்டுதான்" என்பார் மாமா. அதைக் கேட்டு அம்மாவின் முகம் இன்னும் கறுக்கும்.

தம்பியின் பிடிவாதத்தை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் அம்மா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பெரியப்பா முறை உள்ளவர் வீட்டில், ஆண்டாள் தேரிலிருந்து எப்போதோ கழித்த பழைய வடத்தின் ஒரு புரி கிடந்தது. சாமி கயிறு என்று மாட்டுக்கொட்டத்துப் பரணில் வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். தேர்வடம் ஆள் தொடை பருமன் இருக்கும்; அதில் ஒரு புரி என்றால் கைக்கு அடங்கும். அம்மா அதைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

"தாயார் தேர இழுத்த கயிறுலே. இதுல ஏறிப் பழகு, ஒனக்கு ஒண்ணும் வராது. காலு மட்டும் படப்படாது."

கயிறு ஏறுகிறவர்கள் எல்லாரும் காலால் கயிற்றைக் கவ்வித்தான் ஏறுவார்கள். சாமி கயிற்றில் கால் வைப்பதா? மாமா அதற்கும் சரி என்று, எங்கள் தோட்டத்து வேப்பங்கிளையில் கயிற்றைக் கட்டினார். இரண்டு காலையும் அகட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு கையாலேயே ஏறுவார். பார்க்கத் தவளையைத் தூக்கில் போட்டது போல இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "மாப்ள, பரீட்சையில காலும் உண்டுல்லா? இல்ல, அத வீட்ல வச்சுட்டு வரச் சொல்லிட்டாகளா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆனால் கை உரமேறிவிட்டது. ஒரு மாதத்தில் வேப்பங்கிளை போதவில்லை. கிணற்றோரத் தென்னையில் கயிற்றைக் கட்டி, விளிம்புக் கல் மேலாக உள்ளே இறக்கிவிட்டு, கிணற்றுக்குள் இறங்கி ஏறத் தொடங்கினார். படிகள் எப்போதோ இடிந்துபோன கிணறு. மழைக்கு முந்தின காலம். அடியில் கொஞ்சம் தண்ணீரும் அதற்குள் பாறையும் தெரியும். எத்தனை தடவை ஏறினார் என்று மேலே உட்கார்ந்து எண்ணுவது என் வேலை.

அப்படி எண்ணும்போதுதான் பார்த்தேன். விளிம்புக் கல்லில் உராய்கிற இடத்தில் கயிறு கறுத்திருந்தது. தொட்டேன். விரலில் தூள் தூளாக ஒட்டியது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, கயிறு இத்துப்போச்சு."

அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். "ஏட்டி! சாமி கயித்தப் பாத்து என்ன வார்த்தை பேசுதே? போ, போயி வாயக் கழுவு."

மூன்று தடவை கொப்புளித்தேன். விளக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தடவை பாவம் சேரும் என்று பயம். சொல்லாவிட்டால் கயிறு அறுமே என்று பயம். நாலு நாள் சோறு இறங்கவில்லை. அவர் தலை கிணற்றுக்குள் மறையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பெருமாளே பெருமாளே என்பேன். எண்ணிக்கை தப்பிப்போகும். "பள்ளிக்கூடத்துல இப்படித்தான் எண்ணுதியா?" என்று மாமா சிரிப்பார்.

ஐந்தாம் நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை என்ற பெருமாள் மலைக்கு அம்மாவும் அப்பாவும் மலையேறப் போயிருந்தார்கள். தோட்டத்தில் மாமாவும் நானும்தான்.

மூன்றாவது தடவை ஏறி வரும்போது பட்டென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். விளிம்பில் கயிற்றின் ஒரு பங்கு அறுந்து, நார் நாராகப் பிரிந்து திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் ஆழத்தில் மாமா அசையாமல் தொங்கினார். அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "தாயே, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பாதத்தாலும் கயிற்றைக் கவ்விப் பிடித்தார்.

கால் பட்டுவிட்டது. இனிக் கயிறு கட்டாயம் அறும் என்று நினைத்தேன்.

"ஏட்டி மருமவளே" என்றார் மாமா, சந்தைக்குப் போகிறவர் குரலில். "உங்கம்மா இன்னைக்கு என்ன கொழம்பு வச்சிருக்கா?"

"கத்திரிக்கா" என்றேன். அழுகை வந்தது.

"அப்ப அவசரமில்ல, செத்த நேரம் இங்கனயே இருக்கேன். நீ மோட்டார் ரூமுக்குப் போ. மோட்டார் எறக்குத நைலான் கயிறு கெடக்கும், எடுத்துட்டு வா. ஓடாத. நடந்து போ."

நடந்து போனேன். எடுத்து வந்தேன். அடுத்த தென்னையில் கட்டச் சொன்னார். அவர் புத்தகத்தைப் பார்த்து முடிச்சுப் பழகும்போதெல்லாம் நானும் என் பாவாடை நாடாவில் போட்டுப் பார்ப்பேன். அந்த முடிச்சைத்தான் போட்டேன். இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது.

"கட்டிட்டியா? ஒம் பாவாடை நாடா மாதிரி அவுந்துரக் கூடாதுடி, கீழ எனக்கு மானம் போயிரும்."

இந்த நேரத்தில் கேலியா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே மூன்றாவது தடவை போட்டேன். காலை மரத்தில் உதைத்துக்கொண்டு இறுக்கினேன். கயிற்றை உள்ளே போட்டேன். அவர் ஒரு கையால் அதைப் பிடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, முழுப் பாரத்தையும் என் முடிச்சின் மேல் போட்டு ஏறி வந்தார்.

மேலே வந்ததும் மண்ணில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

விளிம்பில் மிச்சமிருந்த பழைய கயிறு சுண்டுவிரல் கனம்தான்.

சாயங்காலம் அம்மா துளசியும் தீர்த்தமுமாக வந்தாள். கயிறு அறுந்ததையும் கால் பட்டதையும் மாமா ஒரே வரியில் சொன்னார். என்னைப் பற்றியோ, கயிறு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அம்மா போய் அந்தக் கயிற்றை எடுத்து வந்தாள். கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கால் பட்டதற்காகக் கயிற்றிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். கறுத்த இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அன்று அந்தக் கயிற்றை அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, ஈர முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். வாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

மாமா தேர்வில் தேறி வேலையில் சேர்ந்தார். எத்தனையோ கிணறு இறங்கி ஏறிவிட்டார். போன வருஷம் லீவில் வந்தபோது, என் மகளுக்குக் கட்டியிருந்த ஊஞ்சல் கயிற்றை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை விரலால் தடவினார். "என்ன மாமா பண்ணுதீக?" என்றேன். "இத்துப்போன எடம் கண்ணுக்குத் தெரியாதும்மா. வெரலுக்குத் தெரியும். எங்க வேலையில இதுதான் மொதப் பாடம்" என்றார். அம்மாவின் விரல் அன்று எதைத் தேடியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லி அழ அம்மா இல்லை.

தாயார்தான் காப்பாற்றினாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் நாலு நாளைக்கு முன்பே ஒரு சின்னப் பிள்ளை வாயில் வார்த்தையை வைத்து அனுப்பியிருந்தாள். நாங்கள்தான் அதைக் கொப்புளித்துத் துப்பிவிட்டோம்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் புண்ணியம். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். சுண்டுவிரல் கனக் கயிறு தாங்கியதை மட்டும் அற்புதமாகச் சொல்லி, கறுத்துப்போன இடத்தை விட்டுவிடாதீர்கள். கால் பட்டதால் அறுந்தது என்றும் சேர்க்காதீர்கள். அறுந்த பிறகுதான் மாமாவின் கால் பட்டது. நான் பார்த்தேன்.