தன்னம்பிக்கைக்கு ஒரு பியானோ

என் அக்காள் மகள் வெளியாட்கள் முன்னால் வாய் திறக்க மாட்டாள். பத்து வயது. வகுப்பில் பதில் தெரிந்தாலும் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் நாலு பேர் முன்னால் பேச வேண்டுமே என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அக்காளும் அத்தானும் கண்டுபிடித்த வைத்தியத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரமில்லை என்று பியானோ வாங்கினார்கள்.

"பியானோ கத்துக்கிட்டா கான்ஃபிடன்ஸ் தானா வரும்லா," என்றாள் அக்காள். அவளுடைய சிநேகிதி சொன்னாளாம். சிநேகிதிக்கு எந்த மகராசி சொன்னாளோ.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டில், சாமி மேடைக்குப் பக்கத்தில் அது வந்து இறங்கியது. புதுக் காருக்குச் செய்வதுபோலப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். அன்றிலிருந்து பிள்ளைக்கு மூன்றே பாட்டு. பியானோ கிரேடு பரீட்சைக்கு எந்த மூன்று பாட்டோ, வருடம் முழுக்க அதே மூன்று. நாலாவது பாட்டைத் தொட்டால் டீச்சருக்கும் கோபம், அக்காளுக்கும் கோபம். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்த மூன்றையும் தப்பில்லாமல் விசிலடிப்பார். பிள்ளை பரீட்சையில் தேறினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

அவளுக்கு மிகவும் பிடித்த நாள் எது தெரியுமா? சரஸ்வதி பூசை. அன்று பியானோவுக்குச் சந்தனம் தடவி, பூப்போட்டு வைத்துவிடுவார்கள், யாரும் தொடக்கூடாது. கலைமகளின் கருணையால் கிடைத்த அந்த விடுமுறையில் பிள்ளை வீடெல்லாம் ஓடித் திரிவாள்.

போன தீபாவளிக்கு வீட்டில் ஓப்பன் ஹவுஸ், யார் வந்தாலும் விருந்து. வாசலில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும், "பாப்பா, வந்து வாசி!" என்று அத்தான் குரல் கொடுத்தார். மூன்று பாட்டும் சுற்றிச் சுற்றி வந்தன. வந்தவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே ரசித்தார்கள். பாட்டைவிட முறுக்குச் சத்தம்தான் பலமாகக் கேட்டது.

மத்தியானம் அத்தானின் தொழிற்சாலை மேலாளர் தம் சின்னப் பையனோடு வந்தார். அத்தான் அரைமணி நேரம் அவருக்குத் தன்னம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுத்தார். பிள்ளைகளைச் சபையில் நிறுத்திப் பழக்க வேண்டுமாம். மேலாளர் சும்மா இருக்கமாட்டாமல், "பாப்பா, இன்னைக்கு இவனுக்குப் பொறந்தநாள். பெர்த்டே பாட்டு வாசிம்மா," என்றார்.

பிள்ளையின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன. எங்கே வாசிப்பாள்? அது பரீட்சையில் இல்லையே. முறுக்குச் சத்தம்கூட நின்றுபோனது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"வாசிலா. முதல் கிரேடு பாஸ் பண்ணிட்டே, இது தெரியாதா?" அத்தானின் முகம் சிவந்துவிட்டது.

பிள்ளை திரும்பி உட்கார்ந்தாள். "தெரியாது அங்கிள். எனக்கு இந்த மூணு பாட்டுதான் தெரியும்," என்றாள் நிமிர்ந்து பார்த்து. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றாள். "அப்பா, நீங்க வாசிங்க."

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். சபையில் நின்று பழகிய அந்த மனிதர், யாரும் அழைக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவினார்.

அக்காள் விடுவாளா? "பாத்தீங்களா சார், எவ்ளோ கான்ஃபிடன்ஸ்! எல்லாம் பியானோவாலதான்," என்று சிரித்தாள். பிள்ளை முதன்முதலாகச் சபையில் வாய் திறந்து பேசினாள். அந்தப் பெருமையையும் கொண்டுபோய் மரப்பெட்டிக்குக் கொடுத்தாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு," என்றேன்.