சுவரில் இரண்டு குதிக்கால்

தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது. முதுகு நோகிறது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. யோகா வகுப்பு ரீச்சர் சொன்னபடி மத்தியானம் பாயில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் உயர்த்தி வைத்து, பத்து நிமிடம் மூச்சை மெதுவாக விட்டேன். எழுந்து பார்த்தால், புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரில் இரண்டு குதிக்கால் அடையாளம்.

எங்கள் ஊர் இணுவிலில், எனக்கு எட்டு வயதில், இதே அடையாளத்தைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் அறுவடைக் காலம் அது. வீடு முழுக்க வெங்காய மணம். அப்பா வெள்ளையடித்து ஒரு கிழமைகூட ஆகாத அறைச் சுவரில் செம்மண் குதிகள் இரண்டு.

"ஆர் உந்தச் சுவரிலை கால் வைச்சது?" என்றார் அப்பா.

வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான். வேலியில் முறித்த கிளுவங்கம்பால் இரண்டு அடி விழுந்தது. அந்தக் குதிகள் என்னுடையதைவிடப் பெரியவை; யாரும் அளந்து பார்க்கவில்லை. அம்மா நிமிராமல் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது எனக்கு மட்டும் முட்டை பொரித்துத் தந்தார்.

வெங்காயம் கிண்டும் நாளில் ஒரு பெண் பட்டப்பகலில் படுத்தால் ஊர் கதைக்கும். அம்மாவுக்கு யோகா என்ற சொல்லே தெரியாது. இடுப்பு நோவுதான் தெரியும்.

பின்னேரம் வேலையால் வந்த கணவர் சுவரையும், பக்கத்தில் நின்ற மகளையும் பார்த்தார்.

"ஆர் உதிலை கால் வைச்சது? எங்கடை பெட்டைதானே?"

என் வாய் உடனே திறக்கவில்லை. அம்மாவை அப்போதுதான் விளங்கியது.

"நான்தான்," என்றேன். "நாளைக்கும் வைப்பன்."