சட்டைப்பையில் இருந்த லைசன்

இன்று பாலத்துச் சோதனைச் சாவடியில் முகம் காட்ட ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கொழுவினேன். திரும்பப் போட மறந்து, அடுத்த சந்தியில் போக்குவரத்துப் பொலிஸிடம் அகப்பட்டேன்.

இப்போது விதி மாறிவிட்டது. தபால் கந்தோரில் தண்டம் கட்டினால் மட்டும் போதாது. வண்டி ஓட்டும் லைசனையும் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் குற்றத்தைப் பதிந்துதான் திருப்பித் தருவார்கள்.

பதினொரு வருடம் ஒரு கீறலும் விழாத லைசன். வாய் முந்திவிட்டது.

"வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

என்னைக் கண்டு ஓட்டோவை நிறுத்தினார் சூசை அண்ணன். அவருடைய மகள் என் மாணவி.

"ஐயா, இவர் எங்கட பிள்ளையின்ர சேர். பொய் சொல்லமாட்டார். நான் கூட்டிக்கொண்டு போய் எடுப்பிச்சுக்கொண்டு வாறன்."

பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு எங்களை விட்டார்.

வீட்டுக்குள் போய் அலுமாரியைச் சத்தமாகத் திறந்து மூடினேன். சட்டைப்பையிலிருந்த லைசனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"கிடைச்சிட்டுதோ சேர்? நல்ல காலம்!" அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

லைசனில் பதியப்போவது ஹெல்மெட் குற்றம் மட்டும்தான்.

நாளை முதற்பாடம் அவருடைய மகளின் வகுப்பில். எனக்குப் பதிலாக யாராவது போறீங்களா?